பேர் கூப்பிட்டால் ஆள் வேண்டும்

சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் என்ற இடத்தில் ஒரு வயோதிபரை வாரத்தில் இரண்டு நாள் பார்த்துக்கொள்ளும் வேலை 2010இல் எனக்குக் கிடைத்தது. குளிக்க உதவுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, மத்தியானச் சாப்பாட்டைச் சூடாக்கி வைப்பது. வேலை இவ்வளவுதான் என்று என்னை அனுப்பிய கம்பனிக்காரர் சொன்னார்கள். பட்டியல் வாசிப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவருக்கு அப்போது எண்பத்துநான்கு வயது. காணி அளக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் மெல்பேர்னில் இருந்தார். கண்ணில் ஒரு வியாதி. வேலியோரம் போகிற பூனை தெரியும், முகத்துக்கு நேரே பிடித்த எழுத்து தெரியாது. அதனால் இரண்டாம் நாளே தடித்த கோப்பு ஒன்றை என் கையில் தந்து, சத்தமாக வாசி என்றார்.

அதன் முதல் பக்கத்தில், தன்னுடைய குடும்பப்பெயரை உடைய குறிப்பிடத்தக்க மனிதர்கள் என்று தட்டச்சு செய்திருந்தார். மொத்தம் நாற்பத்தொரு பேர். பாலம் கட்டிய ஒருவர், இரண்டு சண்டைகளில் தோற்றும் சிலை வைக்கப்பட்ட ஒரு தளபதி, பாசி வகைகளைப் படம் வரைந்த ஒரு பெண், தூக்கில் போடப்பட்ட ஒரு கொள்ளைக்காரன், உதைபந்தாட்டக்காரர் மூவர், ஒரு பிஷப். இவர்களில் ஒருவர்கூட அவருக்குச் சொந்தமில்லை. பெயர் ஒன்று, அவ்வளவுதான். நாங்கள் ஒரே ஊர்க்காரர் என்று சொல்லிக் கல்யாண வீட்டில் உரிமையோடு கதிரை இழுத்துப் போடுவதுபோல, அவர் பெயரைச் சொல்லி அந்தப் பிஷப்பையும் கொள்ளைக்காரனையும் பக்கத்தில் இருத்தி வைத்திருந்தார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு தீவில் தொடங்கிய பெயர், அந்தச் சனம் ரோஷக்காரச் சனம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 'மக்' என்று தொடங்கும். இன்னாரின் மகன் என்று அர்த்தம். அந்த இன்னார் அயலூர் மாடுகளைக் களவாடிப் பெரிய ஆளானவராம். பழங்காலத்தில் அந்தப் பெயரும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டுதான் இருந்ததாம், மகனுக்குத் தகப்பன் பெயர், அவன் மகனுக்கு அவன் பெயர் என்று. எந்தக் காலத்திலோ ஒரு எழுத்தர் பதிவேட்டில் எழுதியது அப்படியே இறுகிப்போய்விட்டது. இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். எங்களிடம் அந்த எழுத்தர் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்துக்கொள்வோம். பெண்பிள்ளை கல்யாணம் கட்டினால் தகப்பனைக் கழற்றிவிட்டுப் புருஷனை மாட்டிக்கொள்வாள். பேரனின் காகிதத்தில் தாத்தாவுக்கு இடமில்லை. ஊரில் அதற்காக ஒருவரும் தலையில் கைவைத்ததில்லை. விசாப் படிவத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் வந்தபோதுதான் என் கணவர் பேனையும் கையுமாக வெகுநேரம் இருந்தார். எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது அவருடைய இலாகா.

“குடும்பத்துக்குத் தலைவர் ஆர்? நான்தானே,” என்று எனக்கும் மகனுக்கும் தன் பெயரை எழுதினார். தனக்குத் தன் தகப்பன் பெயரை எழுதினார். அப்படியாக, நாங்கள் வந்து இறங்கிய வென்ட்வேர்த்வில்லில் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பப்பெயர்கள் குடியேறின.

நான் கல்யாணம் கட்டி இருபது வருடம் கணவர் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. இஞ்சாருங்கோ என்பேன், இவர் என்பேன், மகனைச் சொல்லி, தம்பியின்ர அப்பா என்பேன். இங்கே வந்த பிறகு தொலைபேசியை எடுத்தால் போதும், உங்கள் பெயர் என்ன என்று கேட்பார்கள். நான் அவருடைய பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வேன். முதல் மாதங்களில் கூச்சத்தில் காது சுடும். ஸ்ட்ராத்ஃபீல்ட்காரர் என்னை மிஸிஸ் என்று தொடங்கி என் கணவர் பெயரால்தான் கூப்பிட்டார். தேநீர் கொண்டு போகும்போதெல்லாம் வீட்டில் இருக்கிற இவரை யாரோ வேலைக்கு ஏவுவதுபோல இருக்கும்.

பட்டியலில் பதினேழாவது ஆள் இலங்கையில் தோட்டம் வைத்திருந்த ஒருவர். மலைக்காட்டை அழித்து, தன் கையால் ஆயிரம் ஏக்கர் தேயிலை நட்டவர் என்று எழுதியிருந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

“ஏன் நின்றுவிட்டாய்?” என்றார்.

“இவருக்கு எத்தனை கை?” என்று கேட்டேன்.

அவர் கோப்பை மூடச் சொன்னார். எனக்கு இந்த வாய் எங்கே போனாலும் கூடவே வரும், வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோப்பைத் திறந்தால் ‘தன் கையால்’ என்ற சொல் பேனையால் வெட்டப்பட்டு, கூலிக்கு ஆள் கொண்டுவந்து நடுவித்தவர் என்று பெரிய கோணல் எழுத்தில் இருந்தது. கண் தெரியாமல் அதை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று தெரியாது. அதன் பிறகு எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

இனி என் தகப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இலங்கையின் வடக்கே வன்னியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். பங்கீட்டுக் கூப்பன் காலத்தில் கடை வாசலில் நின்று, சனத்தின் அட்டைகளை அடுக்கிவைத்துப் பெயர் கூப்பிட்டுத்தான் சாமான் கொடுப்பார். ஆள் வராவிட்டால் மூன்று தரம் கூப்பிடுவார், அதன் பிறகுதான் அட்டையை அடியில் வைப்பார். குரல் சந்திவரைக்கும் கேட்கும் என்று சனம் சொல்லும். 2009இல், போரின் கடைசி மாதங்களில் எல்லோரும் ஓடியபோது அவரும் ஓடினார். என் தங்கை கூட இருந்தவள். ஓரிடத்தில் சனத்துக்குள் கை விட்டுப்போனது என்றாள். அதற்குமேல் சொல்ல அவளிடமும் ஒன்றும் இல்லை. நாங்கள் அதற்கு முந்தின வருடமே சிட்னிக்கு வந்துவிட்டோம்.

போர் முடிந்து தங்கையை வைத்திருந்த முகாமில் குடும்ப அட்டைப்படி ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். அட்டையில் முதல் பெயர் அப்பாவுடையது.

“மூண்டு தரம் கூப்பிட்டவங்கள், அக்கா,” என்று தங்கை பிறகு தொலைபேசியில் சொன்னாள். “நான் வாயைத் திறக்கேல்லை. திறந்து என்னத்தைச் சொல்ல?”

நாள் தெரியாது, இடம் தெரியாது. அதனால் மரணச் சான்றிதழ் இல்லை, திதி இல்லை. எனக்கு அண்ணன் தம்பிமாரும் இல்லை, அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்துக்கொள்ள. தங்கையும் நானும் கல்யாணத்தன்றே கழற்றிவிட்டவர்கள். குடியுரிமை எடுப்பதற்கு முன்பே பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனடித் தமிழ்க்கடையில் ஒரு அன்ரி சொன்னது என் மனதில் விழுந்து கிடந்தது. அப்பாவின் பெயரை என் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவேண்டும். அந்த வருடங்களில் நான் எனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான்.

கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“என்ர பேரில என்ன குறை?”

“குறை ஒண்டும் இல்லை. அது உங்கட பேர்.”

“இந்த வயசில பேரை மாத்தினால் சனம் என்ன சொல்லும்? பிரிஞ்சிட்டினம் எண்டெல்லே கதைக்கும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. பக்கத்து ஊர் டூங்கபியில் ஒருத்தி தும்மினால் வென்ட்வேர்த்வில்லில் கசாயம் வைக்கிற சனம் நாங்கள். நான் கதையை விட்டுவிட்டேன். கோபத்தை விடவில்லை, அதை ஒரு வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஸ்ட்ராத்ஃபீல்ட்காரருக்கும் ஒரு கவலை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சிட்னிக்குத் தெற்கே ஒரு சிற்றூர் மைதானத்தில் ஸ்கொட்லாந்து வழிவந்தவர்கள் கூடுவார்கள். அங்கே ஒரு வழக்கம். ஒலிவாங்கியில் ஒவ்வொரு குடும்பப்பெயராகக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்குரியவர் நின்ற இடத்திலிருந்தே ‘இங்கே’ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். அவருடைய பெயருக்கு முப்பது வருடமாகப் பதில் சொன்னவர் அவர்தான். இடுப்பெலும்பு உடைந்த பிறகு இரண்டு வருடம் போகமுடியவில்லை. அந்த இரண்டு வருடமும் கூப்பிட்ட பெயருக்கு ஆள் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ நண்பர் கடிதம் போட்டுவிட்டார். நாற்பத்தொரு குறிப்பிடத்தக்க மனிதர்கள் இருந்தும், ஒரு வார்த்தை பதில் சொல்ல ஆளில்லை. அது அவரை அரித்தது.

2012இல் எப்படியும் போவது என்று நின்றார். மகள் மெல்பேர்னிலிருந்து வந்து கார் ஓட்டினார், சக்கர நாற்காலியைத் தள்ள நான் போனேன். வழியெல்லாம் அந்த மனிதர் ‘இங்கே’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருமுறை மெல்ல, ஒருமுறை கரகரத்து. பரீட்சைக்குப் போகிற பிள்ளை தோற்கும்.

மைதானத்தில் ஆண்கள் எல்லோரும் கட்டம்போட்ட பாவாடையில் நின்றார்கள். எங்கள் ஆட்கள் இடுப்பில் கட்டுகிற சாரத்தில் இருக்கிற அதே கட்டம்தான், இவர்கள் முழங்காலோடு நிறுத்திவிட்டார்கள். ஆட்டு ஈரலை அரைத்துக் குடலில் அடைத்து அவித்த ஒன்றைச் சாப்பிடத் தந்தார்கள். நல்லாகத்தான் இருந்தது, மிளகாய்த்தூள் காணாது. பிறகு பை வைத்து ஊதுகிற வாத்தியக்காரர்கள் முப்பது பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கிழவர் முகத்தைச் சுளித்து, காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி என் கையில் தந்தார். “இவர்கள் போனதும் தா,” என்றார். நான் அதைக் கடதாசித் துவாலையில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். வாத்தியம் போய்விட்டது. எதிர்ப்பக்கம் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கான மரக்குற்றியைத் தூக்கி ஒருவர் எறியத் தொடங்கினார், நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். பிழை என்னுடையதுதான்.

ஒலிவாங்கியில் பெயர்கள் தொடங்கின. மகள் தேநீருக்கு வரிசையில் நின்றார். இங்கே, இங்கே என்று மைதானத்தின் மூலைகளிலிருந்து குரல்கள் வந்தன. பிறகு அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவர் ஒரு நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கைப்பைக்குள் கையை விட்டேன். பனடோல், ரயில் டிக்கெட், சாவிக்கொத்து, ஐந்தாறு கடதாசித் துவாலைகள். எதற்குள் கருவி என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இப்போது வேண்டாம் என்று கையைக் காட்டினார். சனம் அங்கும் இங்கும் திரும்பிப் பார்த்தது. கூப்பிடுகிறவர் தாளில் அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோனது நான் நின்ற இடத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் நல்ல மனிதர், மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்.

“ஓம்!” என்று கத்தினேன். “இருக்கிறார்! இஞ்ச இருக்கிறார்!”

தமிழில்தான் கத்தினேன். வேறொரு பாஷை அந்த நேரம் வாயில் வரவில்லை. மைதானம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒலிவாங்கிக்காரர் ஒரு கணம் நின்றுவிட்டு, பதில் கிடைத்தது, நன்றி அம்மணி என்றார். சனம் கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

கைதட்டலைக் கண்டுதான் கிழவருக்கு விஷயம் விளங்கியது. கருவியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.  திரும்பி வந்து வீட்டு வாசலில் இறக்கும்போது, “அது நான் சொல்லவேண்டிய வார்த்தை,” என்றார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டும் முகம் இளகவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை இருக்குமோ என்ற நினைப்போடுதான் ரயில் ஏறினேன். அவர் முன்னறையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“ஏன் அழுதாய்?” என்றார். “மகள் சொன்னாள்.”

சொன்னேன். சங்கக்கடை, அட்டை அடுக்கு, ஒலிபெருக்கி, மூன்று தடவை, தங்கை வாயைத் திறக்காதது எல்லாம். என்னுடைய ஆங்கிலத்தில் அது ஐந்து நிமிடக் கதைதான். 

கேட்டு முடித்ததும் அவர் ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பெயரைக் கொண்டவர்களில் பாதிப்பேர் அந்த மாட்டுக்கள்ளனின் இரத்தமே இல்லையாம். கஷ்டகாலத்தில் தலைவனை அண்டி வந்து அவன் பக்கத்தில் நின்றவர்களும் ஆர் என்று கேட்டால் அந்தப் பெயரையே சொல்லிவிடுவார்களாம். தன்னுடைய பூட்டன்கூட அப்படி வந்தவராக இருக்கலாம் என்று சந்தேகம், பட்டியலில் எழுதவில்லை என்றார்.

“நீயும் பக்கத்தில்தானே நின்றாய்,” என்றார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

“உன் தகப்பனின் பெயர் என்ன?”

இந்த நாட்டில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பாதியில் நாக்கு இடறியது. மூன்று தரம் சொல்லிக் கொடுத்தும் கடைசி எழுத்து அவருக்குச் சரிவரவில்லை.

“அந்தப் பெயரோடு இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

“ஒருவரும் இல்லை.”

அவர் என் பக்கம் திரும்பினார். தெரியாத அந்தக் கண்ணை நேரே வைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லையா என்று திரும்பவும் கேட்டார். ஒரு பெயருக்கு நாற்பத்தொரு பேரைத் தேடிப்பிடித்த மனிதர். ஒரு பெயர் ஒருவரிடமும் இல்லாமல் போகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போனேன், அவருக்கு முன்னால் இரண்டாம் தடவை அழ எனக்கு விருப்பமில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் மைதானக் கதையை முழுக்கச் சொன்னேன். கூச்சல் போட்டதைக் கேட்டுச் சிரித்தார். முகாமில் கூப்பிட்ட கதையை அவரும் அன்றுதான் முதன்முதல் கேட்டார். நான் அதை அதுவரை அவரிடம் சொல்லவில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

“இதை ஏன் அப்பவே சொல்லேல்லை?” என்றார்.

“நீங்கள் சனம் என்ன சொல்லும் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டீங்கள்.”

அவர் குசினிக்குப் போய்த் தனக்குத்தானே தேநீர் ஊற்றினார். அது எங்கள் வீட்டில் அபூர்வமான காட்சி. இரண்டு நாள் கழித்து, பெயர் மாற்றும் படிவத்தை மகனைக்கொண்டு இணையத்திலிருந்து இறக்கி எடுப்பித்து மேசையில் வைத்திருந்தார். குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரைத் தன்னுடைய அச்செழுத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். “எழுத்துக் கூட்டினது சரியோ எண்டு பார்,” என்றார். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தினேன்.

2013 தொடக்கத்தில் ஸ்ட்ராத்ஃபீல்ட்காரரை மகள் மெல்பேர்னுக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாக அறிந்தேன். கோப்பும் கூடப் போனது. அந்த வருடக் கூட்டத்தில் அவர் பெயருக்கு யாரும் பதில் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் நான் சொல்லியிருப்பேன், ஆனால் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

என் புதிய காகிதங்கள் வந்து சேர்ந்தன. சனம் கதைத்தது. கடை அன்ரியே, பெயரை மாற்றலாம் என்று எனக்குச் சொன்ன அதே அன்ரி, “வீட்டில ஏதும் பிரச்சினையோ பிள்ளை?” என்று தேங்காய் பொறுக்குகிற சாட்டில் கேட்டார். பிரச்சினை இல்லை அன்ரி, அப்பா வந்திருக்கிறார் என்றேன். அவர் தேங்காயை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆவணி மாதம் என்று நினைவு, பிரஷருக்காகப் பரமட்டாவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். கணவர் பக்கத்தில் பழைய பேப்பர் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். மிஸ் என்று தொடங்கி, பிறகு ஒரே இடறல். அது யாரோ என்று இருந்தேன். இருபத்துச் சொச்ச வருடம் கணவர் பெயருக்கு எழும்பிப் பழகிய உடம்பு. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். கிழவர் இடறிய அதே எழுத்தில் அவளும் இடறினாள். அப்போது விளங்கியது, ஆனால் கால் எழும்பவில்லை. 

கணவர் பேப்பரை மடித்து வைத்தார். முழங்கையால் மெல்ல என்னை இடித்தார்.

“அப்பாவைக் கூப்பிடினம்,” என்றார். “எழும்பு.”

நர்ஸ் மூன்றாம் தடவை கூப்பிட்டாள்.

“ஓம்,” என்று எழுந்தேன். “இருக்கிறன்.”